மாந்தோப்புத் துக்கம்

பௌத்த விகாரையின் மாந்தோப்பின்மேல் நாட்டுத் தலைவர் வயிரமேகனுக்கு நெடுநாளாகக் கண். ஒருநாள் வீரர்களோடு குதிரையில் வந்து நின்றார்.

"காரணம் அற்றால் துக்கமும் அற்றுப்போகும் என்கிறீர்கள். இப்போதே ஒரு துக்கத்தை அறுத்துக் காட்டுங்கள். முடியாவிட்டால் தோப்பு என்னுடையது."

துக்கத்துக்குப் பௌத்தம் சொல்லும் பன்னிரண்டு காரணங்களில் எதிலிருந்து தொடங்குவது என்று பிக்குகள் தங்களுக்குள் வாதாடத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஆடைகளுக்குக் காவிச் சாயம் தோய்க்கும் சாத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கு என்ன துக்கம், ஐயா?"

"இந்தத் தோப்பு என்னுடையதாக இல்லையே, அதுதான்."

"பக்கத்து வேப்பந்தோப்பும் உங்களுடையது இல்லையே. அதற்கும் துக்கமா?"

"கசக்கிற வேம்பு எனக்கெதற்கு?"

"ஆசை இல்லை, அதனால் துக்கமும் இல்லை. நீங்களே அறுத்துக் காட்டிவிட்டீர்கள்."

வீரர்களே சிரித்துவிட்டார்கள். சொன்ன சொல்லை மீற முடியாமல் தலைவர் குதிரையைத் திருப்பினார்.

"ஆனாலும் மாம்பழத் துக்கம் இன்னும் இருக்கிறதே," என்றார்.

"பழக்காலம் முடிந்ததும் அதுவும் போய்விடும், ஐயா."