சான்றிதழ் பிரிவினர் ஏஐக்கு வேலை கற்றுக்கொடுத்த கதை

அநியாயம் நடந்தது ஜெனோவாவுக்கு. செய்தது தென்கரைப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழ் பிரிவு. நாலு நிமிடத்தில் தட்டச்சு செய்து கொடுத்திருக்க வேண்டிய ஒரு மைக்ரேஷன் சான்றிதழை இருபத்து மூன்று நாள் கொடுக்காமல் இருந்தார்கள். அதுவும் அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே!

ஜெனோவா என் அறைத்தோழி. மலைமேல் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பூச்சியியல் முதுகலையில் இடம் கிடைத்திருந்தது. மொத்தமே எட்டு இடம். அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மைக்ரேஷன் சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றவேண்டும். ஏற்றாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு இடம் போய்விடும். விஷயம் இவ்வளவுதான். சிறுபிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனால் சான்றிதழ் பிரிவில் சிறுபிள்ளைகளை வேலைக்கு எடுப்பதில்லையே.

அங்கே மூன்று பேர். கண்காணிப்பாளர் குற்றாலிங்கம். தட்டச்சு செய்யும் அமலோற்பவம் மேடம். தபால் வாங்கிப் பதிவு செய்யும் பிச்சுமணி. மூன்று பேரும் தங்கமானவர்கள். ஒரு பைசா லஞ்சம் வாங்கமாட்டார்கள், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார்கள். அதனால்தான் அவர்களோடு சண்டை போடுவது அவ்வளவு கஷ்டம்.

ஜெனோவா விண்ணப்பம் போட்ட அதே வாரம் பதிவாளரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பிரிவும் தன்னிடம் திரும்பத் திரும்ப நடக்கும் வேலையைக் கண்டுபிடித்து, அதைச் செய்ய ஒரு ஏஐ உதவியாளரை உருவாக்கவேண்டுமாம். கற்றுக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார்.

"ரொம்ப ஈஸி சார். நீங்க தினமும் என்ன செய்றீங்களோ அதை ஒண்ணு விடாம எழுதிக் கொடுங்க. ஒண்ணுமே தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி. அது அப்படியே செய்யும்" என்றார். போன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். புத்திசாலி.

மூவரும் உட்கார்ந்து எழுதினார்கள். ஒண்ணு விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாரே.

"பத்து பத்துக்கு வந்து மேஜையைத் துடைக்கணும். எழுதியாச்சா, அமலம்மா?"

"எழுதிட்டேன் சார். அப்புறம் எல்லார்ட்டயும் 'சாப்பிட்டாச்சா'ன்னு கேக்கணும்."

"அது முக்கியம். கேக்காட்டி மரியாதை இல்ல."

"பதினோரு மணிக்கு டீ" என்றார் பிச்சுமணி. "அதை விட்றாதீங்க. அது வாயில்லா ஜீவன், தானா கேக்காது."

"விண்ணப்பம் வந்தா கண்ணாடியக் கீழ இறக்கிப் பாக்கணும். தப்பு இருக்கான்னு தேடணும்."

"தப்பு இல்லன்னா, சார்?"

குற்றாலிங்கம் வெகுநேரம் யோசித்தார். "இல்லன்னா மறுபடியும் தேடணும்."

ஏஐ தயாரானது. ஜெனோவா காலை பத்து பத்துக்கு அதனிடம் தன் விண்ணப்பத்தைக் கொடுத்தாள். உடனே பதில் வந்தது: "வணக்கம். மேஜையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்." பத்தரைக்கு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டது. சாப்பிட்டேன் என்று எழுதினாள். "என்ன சாப்பிட்டீங்க?" இட்லி என்றாள். பதினோரு மணிக்கு, "டீக்குப் போயிருக்கிறேன்." பன்னிரண்டுக்கு, "கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டேன்." மாலை நாலரைக்கு, "உங்கள் விண்ணப்பத்தில் பிழை ஏதும் இல்லை. எனவே மறுபடியும் தேடுகிறேன்" என்றது.

அப்படியே நாலு நாள் தேடியது. மனிதர் என்றால் இரண்டு நாளில் சலித்துப்போய் ஏதாவது ஒரு பிழையைச் சொல்லியாவது அனுப்பியிருப்பார். இதற்குச் சலிப்பே கிடையாது. ஐந்தாம் நாள் ஒரு வழியாகக் கண்டுபிடித்தது. மதிப்பெண் பட்டியலின் நகலை வைத்திருக்கிறாளாம், அந்த நகலுக்கு நகல் வைக்கவில்லையாம்.

"பாத்தீங்களா! நமக்கே தோணாததெல்லாம் அதுக்குத் தோணுது" என்று குற்றாலிங்கம் நெகிழ்ந்துபோனார்.

ஜெனோவா நகலுக்கு நகலும் கொடுத்தாள். ஏஐ சான்றிதழைத் தயார் செய்துவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். அன்று பார்த்தா பயிற்சியாளர் போன் செய்யவேண்டும்? "சார், அது தர்ற எதையும் நேரா வெளிய விட்றாதீங்க. ஒரு மனுஷன் கட்டாயம் பாக்கணும்" என்று எச்சரித்தார். பார்க்கும் பொறுப்பு பிச்சுமணியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் நானும் ஜெனோவாவோடு போனேன்.

"சார், பிச்சுமணி சார் பாத்துட்டாரா?" என்று கேட்டேன்.

"பாத்துட்டாரே. நேத்து முழுக்கப் பாத்தார். இன்னிக்கும் பாக்கறார்."

"பாத்துட்டு என்ன சொன்னார்?"

"அவரு ஏம்மா சொல்லணும்? பாக்கணும்னுதான் உத்தரவு."

"சரியா இருக்குன்னு அவர் சொன்னாத்தானே சார் சான்றிதழ் வெளிய வரும்? சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல? லாஜிக்கா யோசிச்சுப் பாருங்க."

குற்றாலிங்கம் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நல்லாப் பேசுதே இந்தப் புள்ள. என்ன படிக்கே?"

"தத்துவம் சார்."

"அதான்" என்றார்.

சொல்வதற்கு ஆள் கிடைப்பதற்குள் பிச்சுமணிக்குக் கண் எரிய ஆரம்பித்தது. கண் மருத்துவர் பத்து நாளைக்குத் திரையே பார்க்கக்கூடாது என்றார். பார்க்க மனுஷன் இல்லாததால் அந்தச் சான்றிதழை அழித்துவிட்டார்கள்.

மூவரும் மறுபடி பயிற்சியாளரைக் கூப்பிட்டார்கள். அவர் வேறு ஏதோ பிரிவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் போல. "நிறைய உதாரணம் கொடுங்க சார், தானா கத்துக்கும்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"உதாரணத்துக்கு எங்க போறது? பிழையே இல்லாத விண்ணப்பம் ஒண்ணே ஒண்ணுதானே நம்மட்ட இருக்கு" என்றார் அமலோற்பவம்.

"அப்ப அந்தப் பாப்பாவையே எழுதச் சொல்லுவோம். எத்தனை வேணும்?"

"நிறையன்னாரு. நாப்பது?"

"நாப்பது நிறையதான்."

ஜெனோவா தன் விண்ணப்பத்தை நாற்பது முறை கையால் எழுதிக் கொடுத்தாள். எழுதாதே என்று நான் அவ்வளவு சொன்னேன். "உனக்கென்னடி, உனக்கா சீட்டு போகப்போகுது?" என்று கேட்டுவிட்டு எழுதினாள். 

ஏஐ நன்றாகக் கற்றுக்கொண்டது. உலகத்தில் விண்ணப்பம் போடுகிறவர்கள் எல்லாருமே ஜெனோவா என்று கற்றுக்கொண்டது. அந்த வாரம் சான்றிதழ் பிரிவுக்கு எழுதிய முப்பத்தொரு பேருக்கும், "அன்புள்ள செல்வி ஜெனோவா, த/பெ அந்தோணி" என்று பதில் போனது. ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கைத்தடியோடு வந்துவிட்டார்.

"என்னய்யா இது? எனக்கு எழுபத்திரண்டு வயசு!"

"ஐயா, கோவப்படாதீங்க. பேரு நல்லாத்தானே இருக்கு?" என்று சமாதானம் செய்தார் குற்றாலிங்கம். "எல்லாருக்கும் ஒரே பேருன்னா எங்களுக்கும் கோப்பு தேடுற வேலை மிச்சம்."

அந்த முப்பத்தொரு பேரில் ஒருவருக்குக்கூடச் சான்றிதழ் வரவில்லை, அசல் ஜெனோவாவையும் சேர்த்துத்தான். ஒரு ஜெனோவாவுக்கு ஒன்றுதான் தரலாம் என்று விதி இருக்கிறதாம். எந்த ஜெனோவாவுக்குத் தருவது என்று ஏஐ யோசித்துக்கொண்டிருந்தது.

இப்படியே கடைசி வாரம் வந்துவிட்டது. புதன்கிழமை பதிவாளர் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்: உங்கள் பிரிவில் திரும்பத் திரும்ப நடக்கும் எந்த வேலையை ஏஐயிடம் ஒப்படைத்தீர்கள்? உடனே பதில் வேண்டும். மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு கூடினார்கள். கதவைச் சாத்தினாலும் கவுண்டர் ஜன்னல் திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் ஜெனோவாவும் நானும் நின்றோம். அதனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"சான்றிதழ் குடுக்கறதுதானே சார் நம்ம வேலை?" என்றார் கருப்புக்கண்ணாடி போட்டிருந்த பிச்சுமணி.

"அது எங்கவே திரும்பத் திரும்ப நடக்குது? இந்த மாசம் ஒரு தடவைகூட நடக்கலையே" என்றார் குற்றாலிங்கம்.

மற்ற இருவரும் அதை ஒப்புக்கொண்டார்கள். வாதத்தில் ஓட்டை இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"அப்ப நம்ம பிரிவுல தினமும், தவறாம, ஒரே மாதிரி நடக்குறது என்ன?"

மின்விசிறி கிறீச்சிட்டது. மூன்று பேரும் மெல்ல நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்கள். ஜெனோவாவைப் பார்த்தார்கள்.

"பத்தே காலுக்கு வருது. 'மேடம், சர்டிபிகேட் ரெடியா'ன்னு கேக்குது. ஒரே கேள்வி, ஒரே குரல்" என்றார் அமலோற்பவம் மெதுவாக.

"நாப்பது நிமிஷம் நிக்குது. பெருமூச்சு விடுது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்னு சொல்லுது. போயிருது" என்றார் பிச்சுமணி.

"பாவம், எத்தனை நாளா அலையுது! முதல்லயே இது நமக்குத் தோணாமப் போச்சே" என்று குற்றாலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜெனோவா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மேடம், எனக்கு அலையறது கஷ்டமில்ல. எனக்குச் சர்டிபிகேட் வேணும்" என்றாள்.

"அதையும் சேத்துக்கிடுதேன்" என்று அமலோற்பவம் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை, கவுண்டருக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் நாலு வருடப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்தார்கள். பத்தே காலுக்கு அது, "மேடம், சர்டிபிகேட் ரெடியா?" என்றது. அப்புறம் பெருமூச்சு விட்டது. வரிசை நகரும்போதெல்லாம் பிச்சுமணி வந்து ஸ்டூலை ஓரடி நகர்த்தி வைத்தார். ஜெனோவாவை வரிசையில் சேர்க்கவில்லை.

"உனக்குப் பதிலாத்தான் அது நிக்குதே. ஒரு ஆளுக்கு ரெண்டு இடமா? அது நியாயமாம்மா? போய் நிழல்ல உக்காரு" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் போனபோது பிரிவே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அமலோற்பவம் எழுந்து வந்து ஜெனோவாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் சர்டிபிகேட் போட்டாச்சும்மா! நானே என் கையால அடிச்சேன். நாலே நிமிஷம்."

ஜெனோவா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஸ்கேன் எடுக்கும் கடை வாசலிலேயே இருக்கிறது.

"குடுங்க மேடம்."

"குடுத்தாச்சே! உன் ஆளுட்டதான். என்ன பொறுமை, என்ன அடக்கம் அதுக்கு! உன்னைச் சொல்லலம்மா, ஆனா நீயும் உன் தோழியும் வந்தா ஒரே வாக்குவாதம். அது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. மனசு கேக்கல, போட்டுக் குடுத்துட்டோம்."

"கம்ப்யூட்டர்ட்டயா? எப்படிக் குடுத்தீங்க?" என்று நான் கத்தினேன்.

அதில்தான் கொஞ்சம் சிரமம் இருந்ததாம். அசல் சான்றிதழை உரியவர் கையில்தான் கொடுக்கவேண்டும். கை எங்கே இருக்கிறது என்று காலையில் ஒரு மணி நேரம் விவாதித்திருக்கிறார்கள். மவுஸ்தான் கை என்றார் பிச்சுமணி. மவுஸ் வால் என்றார் அமலோற்பவம். கடைசியில் குற்றாலிங்கம், "கையைத் தேடுவானேன்? மடியில வச்சிருவோம்" என்று முடிவு சொன்னார். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, சான்றிதழை மடிக்காமல் உள்ளே வைத்து, திருகாணி நாலையும் முறுக்கி, அரக்கு முத்திரையும் வைத்துவிட்டார்கள்.

"திறந்து குடுங்க சார்."

"அடுத்தவங்க பொருளை எப்படிம்மா திறக்கது? அதுட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. சம்மதிச்சா எங்களுக்கென்ன?"

ஜெனோவா ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்றாள். "சர்டிபிகேட்டைத் தா" என்றாள்.

"மேடம், சர்டிபிகேட் ரெடியா?" என்றது அது.

"உன்கிட்டதான் இருக்கு!"

"வெள்ளிக்கிழமை கடைசி நாள் மேடம்" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டது.

ஜெனோவாவும் பெருமூச்சு விட்டாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அமலோற்பவம் பெருமையோடு தலையாட்டினார்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடப்போனேன். பிச்சுமணி குறுக்கே நின்றார். எழுத்துமூலமாக மனு கொடுத்தால் இன்றே பதில் தருகிறோம், பேச்சு மாறமாட்டோம் என்றார் குற்றாலிங்கம். வேறு வழி? மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதினோம். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சிறந்த வாதம் அது: ஏழு காரணங்கள், ஒன்றை ஒன்று தாங்கிப் பிடித்தபடி. மூன்றே முக்காலுக்குக் கொடுத்தோம். மனுவோடு பெட்டியையும் பரிசீலனைக்கு என்று உள்ளே எடுத்துப் போனார்கள். பின்பக்கக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அப்போது எங்களுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. சரியாக நாலு ஐம்பதுக்கு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஜெனோவாவுக்குப் பதில் கொடுத்தார்கள்:

"தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. சேர்க்கைக்கு இன்றே கடைசி நாள் என்று தாங்கள் ஏழு இடங்களில் குறிப்பிட்டிருப்பதால், ஒரு நிமிடமும் வீணாக்காமல், சான்றிதழைப் பெற்றுக்கொண்டவரை மூன்று ஐம்பது பேருந்தில் மேற்படி மலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்துள்ளோம். துணைக்குத் திரு. பிச்சுமணி சென்றுள்ளார். ஐந்து வயதுக்கு உட்பட்டது என்பதால் டிக்கெட் எடுக்கவில்லை. அங்கே குளிர் அதிகம் என்று தெரியவந்ததால் கம்பளி சுற்றப்பட்டுள்ளது. இனி அது படிப்பில் கவனம் செலுத்தவேண்டியிருப்பதால், தாங்களும் தங்கள் தோழியும் அங்கு சென்று அதனோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். விடுதியில் சேர்க்கப் பெற்றோர் கையெழுத்து கட்டாயம் என்பதால், தங்கள் தந்தையார் அந்தோணி அவர்களை மட்டும் நாளைக் காலைக்குள் அனுப்பிவைக்கவும்."