கன்னத்தில் சில்லிட்ட பானை

மருதங்காட்டுக் குளம் அந்தக் கோடையில் அடியோடு வற்றிப்போனது. முதலில் நாரைகள் கிளம்பின. மற்ற மிருகங்கள் குளத்தின் நடுவில் போய் நின்று, சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பின.

மிச்சமிருந்தது பாறை இடுக்கில் கசியும் ஓர் ஊற்று. அது சொட்டுச் சொட்டாகத்தான் விழும். விழுந்த சொட்டை மணல் குடித்துவிடும். கரடி மூக்கன் ஒரு பகல் முழுக்க அதன் அடியில் வாயைத் திறந்தபடி படுத்துப் பார்த்தான். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

காட்டைத் தாண்டினால் ஆறு இருந்தது. போகிற வழியில் சிறுத்தையும் இருந்தது. புள்ளிமான் பூவாத்தா அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். தண்ணீர் இல்லாமல் அவளுக்குப் பால் சுரக்கவில்லை. குட்டி வெறும் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

"சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு பானை வேண்டும்," என்றாள் முள்ளம்பன்றி சடைச்சி. "குளத்தில் நல்ல களிமண் கிடக்கிறது. நான் செய்கிறேன்."

மரத்தில் உட்கார்ந்திருந்த குரங்கு செம்பன் கீழே எட்டிப் பார்த்தான். "சக்கரம் இல்லாமல் எப்படி அக்கா பானை செய்வாய்?"

"கையால்."

"உனக்குக் கை எங்கே இருக்கிறது?"

சடைச்சி தன் முன்னங்கால்களைப் பார்த்தாள். "இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும்," என்றாள்.

செம்பன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். நீளமான விரல்கள். பேன் பார்ப்பதில் அந்தக் காட்டிலேயே பெயர் வாங்கியவை. இவளே பானை செய்யும்போது என்னால் முடியாதா என்று நினைத்தான். "நானும் ஒன்று செய்கிறேன். இரண்டு இருந்தால் நல்லதுதானே," என்று இறங்கி வந்தான்.

சடைச்சி மண்ணை மிதித்துக் கல் பொறுக்கினாள். மண்ணைப் பாம்பு போல நீளமாக உருட்டி, வட்டம் வட்டமாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாள். ஒவ்வொரு வட்டம் வைக்கும்போதும் தன் முள் ஒன்றால் கீறி, குழைத்த மண்ணைத் தடவி ஒட்டினாள். குளத்துச் சிப்பி ஓட்டால் சுரண்டினாள். கூழாங்கல்லால் தேய்த்தாள். பானை வந்தது. கொஞ்சம் கோணலாக வந்தது.

செம்பன் அவளைப் பார்த்துப் பார்த்தே செய்தான். அவன் பானை பூசணிக்காய் போல உருண்டையாக வந்தது. கழுத்தில் பூவேலை வேறு.

"பானை என்றால் இதுதான்," என்றான் மூக்கன். எல்லாரும் ஆமாம் என்றார்கள். சடைச்சியும் ஆமாம் என்றாள்.

"நிழலில் வை தம்பி. மெதுவாகக் காயட்டும்," என்று சொல்லிவிட்டு, அவள் தன் பானையை மெல்ல நகர்த்தி வளைக்குள் கொண்டுபோனாள்.

நிழலில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? செம்பன் தன் பானையை வெயிலில், உயரமான பாறைமேல் வைத்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள்.

பானைகளைத் தீயில் சுடுகிற நாள் காலையில் செம்பன் பானையின் வயிற்றில் ஒரு விரிசல் தெரிந்தது.  செம்பன் சுற்றும் முற்றும் பார்த்தான். ஈர மண்ணைக் கொஞ்சம் எடுத்து விரிசலில் அப்பினான். கூழாங்கல்லால் தேய்த்தான். மேலே காய்ந்த மண்ணைத் தூவினான். விரிசல் இருந்த இடம் அவனுக்கே தெரியவில்லை.

அதற்குள் எல்லாரும் குழி வெட்டி, காய்ந்த சருகும் யானை லத்தியும் கொண்டுவந்திருந்தார்கள். மின்னல் விழுந்து புகைந்துகொண்டிருந்த மரத்திலிருந்து மூக்கன் ஒரு கொள்ளி எடுத்து வந்தான்.

"பானையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்," என்றாள் சடைச்சி. "சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இன்னும் காய வேண்டும். ஈரத்தோடு சுட்டால் வெடித்துவிடும்." அவள் தன் பானையில் கன்னத்தை வைத்துப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று தலையசைத்தாள்.

செம்பனும் வைத்தான். சில்லென்று இருந்தது.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள் சடைச்சி.

"நன்றாகக் காய்ந்திருக்கிறது அக்கா," என்றான் செம்பன்.

இரண்டு பானையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூடித் தீ மூட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் குழிக்குள் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து இன்னொரு சத்தம்.

தீ அடங்கியதும் சாம்பலைக் கிளறினார்கள். வெறும் ஓடுகள்தான் கிடந்தன.

"கோணல் பானைதான் வெடித்திருக்கும்," என்றான் மூக்கன். "வெடித்த வேகத்தில் நல்ல பானையையும் உடைத்துவிட்டது." எல்லாரும் சடைச்சியைப் பார்த்தார்கள். அவள் ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கை பழகாத கைதான்," என்றாள்.

செம்பன் வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை.

பூவாத்தா யாரையும் குறை சொல்லவில்லை. குட்டியை ஒரு தடவை நக்கிக் கொடுத்தாள். "இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள் அக்கா," என்று சடைச்சியிடம் சொல்லிவிட்டு, ஆற்றுப் பக்கம் நடந்தாள்.

செம்பனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "வெடித்தது என் பானை," என்றான். "விரிசல் விட்டிருந்தது. ஈர மண் வைத்து அப்பி மறைத்தேன். கன்னத்தில் சில்லென்றுதான் இருந்தது. பொய் சொன்னேன்."

 செம்பன் அதற்குமேல் நிற்காமல் மரத்தில் ஏறினான். கிளைக்குக் கிளை தாவி, பூவாத்தாவின் தலைக்கு மேலேயே போனான்.

பாதி வழியில் புல்லுக்குள் ஒரு வால் நுனி அசைந்தது. செம்பன் தொண்டை கிழியக் கத்தினான். பூவாத்தா பாய்ந்து விலகினாள். சிறுத்தை பதுங்கிய இடத்திலிருந்து எழுந்து, நிமிர்ந்து பார்த்தது.

"உனக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்டது.

"இருந்தது. அதை ஒழுங்காகச் செய்யவில்லை. அதனால்தான் இந்த வேலை," என்றான் செம்பன்.

காடு முழுக்கக் கேட்டுவிட்டபின் வேட்டை ஏது? சிறுத்தை வேறு பக்கம் போய்விட்டது. பூவாத்தா ஆற்றில் வயிறு நிறையக் குடித்தாள்.

புதுப் பானை தயாராகும்வரை செம்பன் தினமும் அவளுக்குக் காவல் போனான். திரும்பி வந்ததும் சடைச்சிக்கு எதிரில் உட்கார்ந்து, உடைந்த ஓடுகளைக் கல்லில் வைத்துப் பொடித்தான். அந்தப் பொடியைச் சடைச்சி புது மண்ணில் கலந்தாள். "இதைச் சேர்த்தால் பானை லேசில் விரியாது," என்றாள். 

அந்தப் பானையும் கோணலாகத்தான் வந்தது. நன்றாகக் காயவைத்துச் சுட்டபோது உடையவில்லை; அதை ஊற்றுக்கு அடியில் வைத்தார்கள். சொட்டுச் சொட்டாக நிரம்பியது. பூவாத்தா முதலில் குடித்தாள். அதன்பின் குட்டி முட்டும்போதெல்லாம் மடியில் பால் இருந்தது.

தன் குறையைப் பூசி மறைப்பவன் தன்னை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை, பக்கத்தில் நம்பி இருப்பவரையும் சேர்த்துக் கெடுக்கிறான்.