கறுப்புக் கோட்டு

வேலங்காட்டு ஜமீன்தார் கப்பலில் வரவழைத்த நெருப்புக்கோழி ஜோடி முட்டையிட்டிருந்தது. அந்த அதிசயத்தைக் காட்ட விருந்தாளிகளைத் தோட்டத்துக்கு அழைத்துவந்தார். பொழுது சாய்கிற நேரம். சாம்பல் நிறப் பெட்டை எழுந்து போக, கறுத்த சேவல் வந்து முட்டைகள்மேல் அமர்ந்தது.

விருந்தாளிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜமீன்தாருக்கு மீசை துடித்தது.

"எஞ் சேவல் அடைகாக்குதா? மாடத்தி, இனி இது கூட்டுல உட்காரக் கூடாது. ஆனா குஞ்சு பொரிச்சாகணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலையில்ல!"

தீனி போடும் மாடத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த வேலைதான் அவளுக்குச் சோறு.

"உத்தரவு எசமான். பெட்டை மண்ணோட மண்ணாத் தெரியும், அதுக்குப் பகல் காவல். இவன் இருட்டோட இருட்டா இருப்பான், நரி கண்ணுல படமாட்டான், இவனுக்கு ராத்திரி காவல். இவன் வேண்டாம்னா கறுப்பா வேற ஒருத்தர் உட்காரணும். கவர்னரைப் பார்க்கப் போறப்ப எசமான் ஒரு கறுப்புக் கோட்டு போடுவீகளே..."

"கோட்டு மட்டும் போதுமா?" என்றார் ஜமீன்தார் அவசரமாக.

"உள்ள சூடா ஒரு ஆளும் வேணுமே, எசமான்."

ஒருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து ஜமீன்தாரின் மனைவி நாச்சியாரின் குரல் வந்தது.

"அவரை உட்கார வைக்காதடி மாடத்தி. ஏழு பிள்ளை பெத்தேன். ராத்திரி அழுத பிள்ளையை ஒருநாள் தூக்கினவரில்ல. அத்தனையும் கூமுட்டையாப் போகும்."

சேவலை அப்புறம் யாரும் எழுப்பவில்லை. குஞ்சுகள் வந்தபோது, சேவலை அடைகாக்க வைத்தது தன் யோசனைதான் என்று ஜமீன்தார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாடத்தி தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.