படிக்கட்டை விசாரித்த தாண்டவன்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அங்கே குடிமகன் விழுந்தால் அவன் கண் பொட்டை என்பார்கள். அரசர் விழுந்தால் தரை கோணல் என்பார்கள்.

அந்த நாட்டை ஆண்ட வீரகேது மகாராஜா நல்லவர்தான். இளமையில் குதிரையேறி எல்லைக் காவலைத் தாமே பார்த்து வந்தவர். பிறகு சமாதானம் வந்தது, நெய்ச்சோறு வந்தது, பகல் தூக்கம் வந்தது. இப்போது சிம்மாசனத்தை விட்டு எழுவதென்றால் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒருமுறை முன்னும் பின்னும் அசைந்து, மூச்சைப் பிடித்துத்தான் எழுவார். ஆனால் இதை அவையில் யாரும் பார்த்ததில்லை. அரசர் எழுந்தால் எல்லோரும் தலை குனிந்து நிலத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பாட்டனார் காலத்து வழக்கம்.

தெப்பத் திருவிழாவுக்காகக் கொலுமண்டபத்திலிருந்து முற்றத்துக்குப் புதிதாகக் கருங்கல் படிக்கட்டு கட்டினார்கள். வலக்கையில் செங்கோல், இடக்கையில் உடைவாள், நிமிர்ந்த தலை, இதுவும் வழக்கம்தான். அந்தக் கோலத்தில் மகாராஜா முதன்முதலாக அதில் இறங்கினார். பாதிப் படியில் விழுந்தார்.

கிரீடம் கழன்று, படிக்குப் படி குதித்து, முற்றம் முழுக்க உருண்டது. குனிந்த தலைகளுக்கு முன்னால் ஒவ்வொரு மூக்காகத் தாண்டிக்கொண்டு போயிற்று. ஒருவரும் அசையவில்லை. நிலத்தைத்தானே பார்க்கச் சொல்லியிருக்கிறது.

முதலில் வாய் திறந்தவர் பிரதானி கங்காதரர். பாக்கு மரம் போல ஒல்லியானவர். தம் நடையழகில் பெருமை உள்ளவர். "மகாராஜா, படி கோணல். கட்டிய உலகநாத ஆசாரியின் வலக்கையை வெட்டினால்தான் இனிமேல் கல் ஒழுங்காக நிற்கும்."

"படி கோணல் இல்லை," என்றது ஒரு குரல்.

அரசவை விகடன் தாண்டவன். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவனுக்கே தோன்றியது.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் மகாராஜா. உள்ளங்கை சிராய்த்திருந்தது. அதைவிட மானம் அதிகமாகச் சிராய்த்திருந்தது.

"கட்டளைப்படி நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் மகாராஜா. படி அசையவில்லை."

தாண்டவன் ஒரு வேடிக்கை சொன்னால் மகாராஜா சிரிப்பார். கங்காதரர் ஒரு யோசனை சொன்னால் கொட்டாவி விடுவார். இந்தக் கணக்கு பிரதானிக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. இதோ நேரம் வாய்த்தது.

"அப்படியானால் மகாராஜா விழுந்த காரணத்தைத் தாண்டவனே நாளைக்குள் கண்டுபிடிக்கட்டும். ஆனால் திருமேனியைத் தொடக் கூடாது, அளக்கக் கூடாது, அதைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் பேசக் கூடாது. தவறினால் ஆசாரியின் கையோடு இவன் கையும் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் மகாராஜா. "என்னை ஒன்றும் கேட்காதே தாண்டவா. படியைக் கேள்."

தாண்டவன் நேரே, ஆசாரியை அடைத்திருந்த சிறைக்குப் போனான். உலகநாத ஆசாரி சுவரோரம் உட்கார்ந்து தன் வலக்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூல் புடிச்சுத்தான் வச்சேன் சாமி. வேணும்னா தண்ணி ஊத்திப் பாருங்க. ஒரு பக்கமா ஓடிச்சின்னா நானே கைய நீட்டறேன்."

"படி மேல எனக்குச் சந்தேகமே இல்ல ஆசாரி."

"பின்ன யாரு மேல?"

"அதச் சொன்னா என் கையும் போயிடும்."

ஆசாரி தன் வலக்கையை அவன் முன் நீட்டினார். "உங்களுக்குக் கை போனாலும் வாய் இருக்கு சாமி. உளிய நான் வாயாலயா புடிக்க முடியும்?"

வெளியே வந்த தாண்டவனுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாக நின்றது. குனிந்தபடி நடந்தான். எத்தனையோ வருஷமாகக் குனிந்தே நின்றவன் அவன். குனிந்தவன் கண்ணுக்கு நிலம் தெரியும். நிலத்தின்மேல் வருகிற பாதமும் தெரியும். மகாராஜாவின் முகத்தைவிட அவருடைய பாதங்களை அவன் நன்றாக அறிவான். அகட்டி வைக்கும் பாதங்கள். திரும்பும்போது தயங்கித் தயங்கித் தேடும் பாதங்கள். அறிந்து என்ன? சொல்லக் கூடாதே. படியைத்தானே கேட்க வேண்டும்.

சட்டென்று நின்றான். பிறகு அரண்மனை மடைப்பள்ளிக்கு ஓடினான்.

மறுநாள் கொலுமண்டபத்தில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். கறுப்புத் தளக்கல் மீது, சிம்மாசனத்தின் அடியிலிருந்து படிக்கட்டு வரை, அரிசி மாவைச் சல்லடையில் சலித்து மெல்லிசாகப் பரப்பியிருந்தார்கள். தாண்டவன் படிக்கட்டின் முன் விழுந்து கும்பிட்டு, முதல் படியில் காதை வைத்தான்.

"படியே, மகாராஜாவை நீ தள்ளினாயா?" கொஞ்சம் பொறுத்து எழுந்தான். "மகாராஜா, இதற்குப் பேச வராதாம். எழுத வருமாம். தன் தம்பி தரையைச் சாட்சிக்கு அழைக்கிறது. தாங்கள் மாவின் மேல் நடந்து, கடைசி வரை போய்த் திரும்பி வந்தருளினால் தரை எழுதிவிடும். அவையோர் வழக்கப்படி நிலத்தைப் பார்க்கட்டும்."

கங்காதரர் முகம் சுளித்தார். ஆனால் நடக்கச் சொல்லக் கூடாது என்று அவருடைய நிபந்தனையில் இல்லை. மகாராஜாவுக்கோ விளையாட்டில் ஆசை வந்துவிட்டது. கைகளை ஊன்றி எழுந்தார். நடந்தார். அவை முழுவதும் குனிந்து, மூச்சு விடாமல், மாவில் பாதங்கள் பதிவதைப் பார்த்தது.

பாதி வழியில் தாண்டவன் கேட்டான்: "மகாராஜா, தங்கள் பட்டத்துக் குதிரையின் பெயர் என்ன?"

மகாராஜா நின்றார். "மேகராசி," என்றார். பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைத்தார்.

"இப்போது பிரதானியார் அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே நடக்கட்டும்."

கங்காதரர் அன்னம் போல் போய் அன்னம் போல் வந்தார். குதிரையின் பெயரைக் கேட்டபோது நிற்காமலே பதில் சொன்னார். அவருடைய தடம் பூத்தொடுத்த நார் போல் ஒரே வரிசை. மகாராஜாவின் தடமோ வண்டித் தடம் போல இரண்டு வரிசை. அடிகள் குட்டை; விரல்கள் வெளிப்பக்கம் பார்த்தன. திரும்பிய இடத்தில் நாலு பேர் நின்று சண்டை போட்டது போல ஒரே பாதக் கும்பல்.

கங்காதரருக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீர்களா? நான் நேராக நடந்தேன். ஆகவே தரையில் குற்றமில்லை. குற்றம் மகாராஜாவின்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுங்கள் பிரதானியாரே," என்றான் தாண்டவன். "எதைப் பற்றியோ பேச வந்தீர்கள்."

அவையில் ஒரு சலசலப்பு. கங்காதரர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "தரையை விடு. விழுந்தது படியில். படியில் குற்றமில்லை என்று யார் சொன்னது?"

"சரிதான். படியையும் கேட்போம். மகாராஜா இறங்கியது போலவே தாங்கள் இறங்குங்கள். செங்கோல், உடைவாள், நிமிர்ந்த தலை. அதோடு இது." தாண்டவன் கை காட்ட, மடைப்பள்ளி ஆட்கள் இருவர் ஒரு அரிசி மூட்டையையும் கயிற்றையும் கொண்டுவந்தார்கள். "இது வயிற்றுக்கு முன்னால்."

"மூட்டை எதற்கு?"

"திருமேனியைப் பற்றித்தான் பேசக் கூடாது. அரிசியைப் பற்றிப் பேசலாம் அல்லவா?"

கங்காதரர் மகாராஜாவைப் பார்த்தார். மகாராஜா சிம்மாசனத்திலிருந்து மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டுங்கள்," என்றார்.

கட்டினார்கள். கங்காதரர் மாவில் ஓர் அடி வைத்தார், முன்னால் சாய்ந்தார், சமாளிக்க முதுகைப் பின்னால் வளைத்தார். கால்கள் தாமாக அகன்றன. அன்னம் வாத்தாயிற்று. குனிந்த தலைகள் ஒவ்வொன்றாக அதைப் படித்தன: குட்டை அடி, வெளியே பார்த்த விரல், வண்டித் தடம். மகாராஜாவின் தடமும் பிரதானியின் தடமும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

"பிரதானியாரே, குதிரையின் பெயர்?"

"சும்மா இரு, விழுந்துவிடுவேன்," என்றார் கங்காதரர்.

படிக்கட்டின் உச்சியில் நின்றார். ஒரு காலை நீட்டினார், காற்றைத் துழாவினார். "படி எங்கே? மூட்டை மறைக்கிறது. எவனாவது கை கொடுங்களடா."

கொடுக்க ஆளில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கங்காதரர் மூன்று படிகளை ஒரே படியாக இறங்கி, நல்லவேளையாக மூட்டை மீதே விழுந்தார். செங்கோல் முற்றத்துக்கு உருண்டது.

சிரிப்பு எழும் என்று தாண்டவன் நினைத்தான். எழவில்லை. மகாராஜா படிக்கட்டின் மேல் வந்து நின்று, கீழே கிடந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவரும் பேசக் கூடாது என்றுதான் கட்டளை. நான் பேசலாம்," என்றார் மெதுவாக. "எனக்கும் படி தெரிவதில்லை தாண்டவா. எந்தப் படியில் இறங்கினாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நேற்று விழுந்தபோது எனக்கு வந்தது கோபமில்லை, பயம். அதை யாரிடம் சொல்வேன்? நிமிர்ந்து பார்க்கத்தான் ஒருவருமில்லையே."

தாண்டவன் தலையை நிமிர்த்தி, தான் பதவிக்கு வந்த பிறகு முதன்முறையாக, நிற்கிற மகாராஜாவைப் பார்த்தான்.

"தரை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கிறது மகாராஜா. ஒரு கையில் செங்கோலும் மறு கையில் வாளும் இருந்தால் பிடித்துக்கொள்ளக் கை இல்லையாம். படியோரம் ஒரு கைப்பிடிச் சுவர் வேண்டுமாம். தினமும் வைத்தியர் கூட வர, கோல் ஊன்றிக் கொஞ்சம் நடக்க வேண்டுமாம். நடந்தால் கால் பழைய பாடத்தை மறக்காதாம்."

"சுவர் யார் கட்டுவது?"

"வலக்கை உள்ள ஆசாரி ஒருவர் சிறையில் சும்மா இருக்கிறார்."

அப்போதுதான் மகாராஜா சிரித்தார். தோள் குலுங்க, கிரீடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த நொடியே ஆசாரி விடுதலையானார். அரசர் நடக்கும்போது அவையோர் நிமிர்ந்து பார்க்க வேண்டும், தடுமாறினால் கை கொடுக்க வேண்டும் என்று புது வழக்கம் பிறந்தது.

"உனக்கு என்ன வேண்டும் தாண்டவா?"

"அந்த அரிசி மூட்டை போதும் மகாராஜா. கட்டியதை அவிழ்க்காமல் பிரதானியாரே என் வீட்டில் சேர்த்தால் சந்தோஷம்."

"நானும் வருகிறேன். இன்றே நடக்கத் தொடங்கியதாக இருக்கட்டும்," என்றார் மகாராஜா.

ஊரே தெருவில் கூடிவிட்டது. முன்னால் கங்காதரர், மூட்டையை அணைத்துக்கொண்டு, வாத்து நடையில். பின்னால் மகாராஜா, ஒரு கையில் கோல், மறு கை வைத்தியர் தோளில். நின்று நின்று, மூச்சு வாங்கி, ஆனால் நடந்தே வந்தார். தாண்டவன் வீட்டு வாசல் வந்தது. கங்காதரர் காலைத் தூக்கினார், இடறினார், கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினார்.

"தாண்டவா," என்று சீறினார், "உன் வீட்டு வாசற்படி கோணல்."

மகாராஜாவின் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. கண்ணில் நீர் வழிய, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். பிறகு கோலை வைத்தியரிடம் கொடுத்துவிட்டு, கங்காதரருக்குக் கை நீட்டினார்.