பூவாயி அடித்த கோணல் கத்தி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, துருத்திக்கெல்லாம் வாய் இருந்த காலத்துல, செண்பகபுரின்னு ஒரு ராஜ்ஜியம். துருத்தின்னா கொல்லன் உலைக்குக் காத்து ஊதுற தோல்பை. அது பேசுமான்னு கேக்குறவங்க இப்பவே எழுந்து போயிடலாம், எனக்கொண்ணும் கோபமில்லை.

அந்த ஊர் அம்மன் கோயிலுக்குப் பூக்கட்டுறவ பூவாயி. பூப்பறிச்சுட்டு வர்றது அவ புருஷன் சடையப்பன். ரெண்டு பேருக்கும் அவ்வளவு பிரியம், அதனால நாள் பூரா சண்டை. பூவாயிக்குக் கத்தியோட வேலையே இல்லை, நாரைக்கூட நகத்தாலேயே கிள்ளிடுவா.

ஒருநாள் கொடிமாயன்ங்கற மந்திரவாதி அவங்க வாசலுக்கு வந்தான். அம்மனுக்குக் கட்டி வச்ச மாலையை எடுத்தான், மூக்குல வச்சான், சர்ருனு மோந்தான். சாமிப் பூவை யாராவது மோந்து பார்ப்பாங்களா?

"யோவ்! மோந்த மாலையை அம்மனுக்குச் சாத்த முடியுமாய்யா?"ன்னு சடையப்பன் அதைப் பிடுங்கித் தூர எறிஞ்சான்.

மந்திரவாதி காலால தரையைத் தட்டினான். ஒரு கொடி கிளம்பி சடையப்பன் காலைச் சுத்திக்கிச்சு.

"ஒரு நாளைக்கு ஒரு சுத்து. ஏழாம் நாள் சாயங்காலம் கழுத்தை நெரிக்கும். எந்தக் கொல்லன் கத்திக்கும் இது அறாது. கத்தியே அடிச்சறியாத கை அடிச்ச முதல் கத்தி, அதோட முதல் வெட்டு, அதுக்குத்தான் அறும். முடிஞ்சா பாருங்க!"ன்னு சிரிச்சுட்டுப் போனான்.

பூவாயி கொல்லன் பட்டறைக்கு ஓடினா. "நான் தொட்டா பலிக்காதும்மா. பட்டறை உன்னுது"ன்னு கொல்லன் ஒரு பழைய வண்டிச்சக்கரப் பட்டையைக் கொடுத்துட்டு வெளியே போயிட்டாரு.

"ஊது துருத்தி, ஊது!"ன்னா பூவாயி.

"நான் ஊதுறேன் தாயி, நீ அடி!"ன்னுச்சு துருத்தி.

ரெண்டு நாள் அடிச்சா. இரும்பு ஆறிப்போனது தெரியாம அடிச்சுக்கிட்டே இருந்தா. கை வீங்குச்சு, இரும்பு ரெண்டாப் பிளந்துச்சு.

"ஊது துருத்தி, ஊது!"

"நான் ஊதுறேன் தாயி, நீ அடி!"

மிச்சத் துண்டை உலையில வச்சுட்டு, புருஷனுக்குச் சோறு ஊட்ட ஓடினா. நாலு வாய் வாங்கினவன், "ஆமா, இரும்பை எங்க வச்சே?"ன்னான்.

"ஐயையோ, உலையில!"

"உன் சோத்துல மண்ணைப் போட! ஓடுடி!"

போய்ப் பார்த்தா, நுனி பொறியாப் பறந்து எரிஞ்சு போயிருந்துச்சு.

"ஊது துருத்தி, ஊது!"

"நான் ஊதுறேன் தாயி, நீ அடி!"

ஆறாம் நாள் உருவம் வந்துருச்சு. சந்தோஷத்துல அவசரமாத் தண்ணியில முக்கினா. 'சுர்ர்'ருன்னு வெளியே வந்தது, வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு நின்னுச்சு. பூவாயி தரையில உட்கார்ந்து ஓன்னு அழுதா.

"மூணு தடவை கெடுத்துட்டேன். முதல் கத்தி போச்சே!"

"எங்க போச்சு?"ன்னு துருத்தி அதட்டுச்சு. "இன்னும் ஒண்ணையும் வெட்டலையே! வெட்டுற வரைக்கும் அது வெறும் இரும்பு. அதே இரும்பு, அதே கை. போய்ச் சாணை பிடி."

விடிய விடிய, மறுநாள் பகல் பூராவும் கல்லுல தீட்டினா. பிடிக்கு வாழைநாரைச் சுத்தி, மாலைக்குப் போடுற முடிச்சே போட்டா. அந்த ஒரு வேலைதான் அவளுக்குச் சுத்தமா வந்துச்சு.

ஏழாம் நாள், பொழுது சாயுது. இடுப்புல, புருஷனுக்குப் பதிலா இவளே பறிச்ச அம்மன் பூக்கூடை, கையில கத்தி, வீட்டுக்கு ஓடுறா. வழியில ஒரு வெள்ளரிக்காய்க்காரன் மறிச்சான்.

"இது கத்தியாம்மா? வெள்ளரிக்காய்கூட நறுங்காது போலிருக்கே! எங்க, ஒரு துண்டு போடு பார்ப்போம்."

வாழ்க்கையில முதல் தடவை ஒரு கத்தி செஞ்சவளுக்குக் கை நமநமன்னு இருக்காதா? ரோஷம் வேற. வெள்ளரிக்காயை வாங்கினா, கத்தியை அது மேல வச்சா. 'ஐயோ, வேணாம்டி!'ன்னு நான் கத்தி என்ன பிரயோஜனம், அவளுக்குக் கேக்கவா போகுது?

அப்போ அவன் என்ன செஞ்சான் தெரியுமா? கூடையிலிருந்து ஒரு கை மல்லியை அள்ளி, சர்ருனு மோந்தான்.

"அடப்பாவி! சாமிப் பூவை மோக்குற மூக்கு நீதானா!"

வெள்ளரிக்காய் அவன் தலையில விழுந்துச்சு. பூவாயி பறந்தா.

வீட்டுல கொடி கழுத்தைச் சுத்தி இறுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. சடையப்பனுக்கு முழி பிதுங்குது. நேரான கத்தியா இருந்தா உள்ளே விட்டதும் தொண்டையே போயிருக்கும். இவ கோணல் கத்தி, கழுத்தோட வளைவுக்கு அளவெடுத்த மாதிரி, முதுகு உள்ளேயும் கூர் வெளியேயுமா வழுக்கிப் போச்சு. ஒரே இழுப்பு! கொடி அறுந்து பொடிப்பொடியா உதிர்ந்துச்சு.

அம்மன் கோபமோ என்னவோ, அன்னையிலிருந்து கொடிமாயன் மூக்குக்கு எந்தப் பூவும் மணக்கலை. சங்கதியைக் கேட்ட ராஜா பூவாயிக்கு ஒரு மல்லித் தோட்டத்தையே கொடுத்தார்.

மறுநாள் சடையப்பன் ஆசையா அந்தக் கத்தியை எடுத்து வெள்ளரிக்காய் நறுக்கிப் பார்த்தான். நசுங்குச்சே தவிர நறுங்கலை.

"என்னடி, நிஜமாவே வெட்டலையே!"

"ஒரு வெட்டுக்குத்தான் செஞ்சேன். வேணும்னா நேரா ஒண்ணு அடிச்சுத் தரவா?"

"ஒண்ணும் வேணாம்"னு சொல்லி, அவன் கழுத்தைத் தடவிக்கிட்டே அந்தக் கோணல் கத்தியைச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டினான். தினமும் அதுக்கு ஒரு முழம் பூ. அந்த வீட்டுல வெள்ளரிக்காயைக் கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் பல்லாலதான் கடிச்சுத் தின்னாங்க.