வரி கேட்காத சுங்கச்சாவடி

முன்னொரு காலத்தில், வரி என்ற சொல்லைக் கேட்டாலே வணிகர்கள் கல்லாப்பெட்டியைப் பூட்டிய காலத்தில், அதாவது மற்றெல்லாக் காலங்களையும் போன்ற ஒரு காலத்தில், அதிவீரகண்டர் என்ற மன்னர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். நல்லவர். யார் மீதும் படையெடுத்ததில்லை. படையெடுக்க ஆற்றைக் கடக்க வேண்டும், பாலம் இல்லை.

ஒரு நாள் மன்னரின் பல்லக்கு அந்த ஆற்றில் இறங்கியது. முன்னால் தூக்கியவர்கள் வழுக்கினார்கள். பின்னால் தூக்கியவர்கள் வழுக்கவில்லை. ஆகவே மன்னர் முன்பக்கமாகப் புறப்பட்டுச் சேற்றில் போய் உட்கார்ந்தார். அதே இடத்தில் வருடக்கணக்காக நெல் வண்டிகள் குடைசாய்ந்துகொண்டிருந்தன. அப்போதெல்லாம் பாலம் வேண்டுமென்று அரண்மனையில் யாருக்கும் தோன்றவில்லை. அன்று மாலையே மன்னருக்குத் தோன்றிவிட்டது.

மறுநாள் சபை கூடியது.

"ஆற்றுக்குப் பாலம் வேண்டும். கடைத்தெருவுக்கு விளக்கு வேண்டும். காவலர்களும் போதவில்லை" என்றார் மன்னர். "கஜானாவிலோ சிலந்திதான் குடியிருக்கிறது. ஆகவே சுங்கத்தை இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்காக உயர்த்த எண்ணியுள்ளோம்."

குபேரதத்தர் எழுந்தார். அவர் வணிகர் சங்கத் தலைவர். நாட்டிலேயே பெரிய தானியக் கிடங்கு அவருடையது. சபையில் மன்னருக்கு வலப்பக்கம் முதல் ஆசனம் அவருக்கு. ஆனால் எந்தச் சிக்கல் வந்தாலும் மன்னர் இடப்பக்கம்தான் திரும்புவார். அங்கே விகடகவி சீராளன் தரையில் உட்கார்ந்திருப்பான். இதனால் குபேரதத்தருக்குப் பல வருடங்களாகச் சாப்பிட்டது செரிப்பதில்லை.

"மன்னர் பெருமானே, வரியை உயர்த்தினால் வணிகம் படுத்துவிடும். கடைத்தெருவில் புல் முளைக்கும்" என்றார்.

மன்னர் இடப்பக்கம் திரும்பினார். "சீராளா, நீ என்ன சொல்கிறாய்? வரி வணிகத்தை வளர்க்குமா, கெடுக்குமா? ஒரே சொல்லில் விடை வேண்டும்."

"பார்க்கலாம், மன்னவா."

"இது விடையா?"

"ஒரே சொல்தானே கேட்டீர்கள். இன்னும் சில சொற்கள் அனுமதித்தால் சொல்கிறேன். வாங்கும்போது எல்லா வரியும் கசக்கும். வாங்கிய பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் வளர்ப்பதும் கெடுப்பதும் இருக்கிறது."

குபேரதத்தர் காத்திருந்த தருணம் இதுதான். "அப்படியானால் மிக எளிது, பெருமானே. வரி நன்மை தருமென்றால் வணிகர்கள் தாமே கொண்டுவந்து கட்டுவார்கள் அல்லவா? சீராளனார் ஒருவரையும் கேட்காமல், மிரட்டாமல் வசூலித்துக் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

மன்னருக்குப் பந்தயம் என்றால் பாயசம் மாதிரி. "அப்படியே ஆகட்டும். வரும் பௌர்ணமி மாலைக்குள் எல்லா வணிகரும் புது வரியைத் தாமாக வந்து கட்டியிருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும், சீராளா, நீ ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும்."

"பாலம் இல்லையே, மன்னவா."

"நடந்து போ."

அன்றே குபேரதத்தர் வணிகர்களைக் கிடங்கில் கூட்டினார். "ஒரு பயலும் சல்லிக்காசு கட்டக் கூடாது. பௌர்ணமி வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்க. அந்தக் கோமாளி ஆத்துல இறங்குறதைக் கரையில நின்னு பாப்போம். சுண்டல் என் செலவு."

மறுநாள் கடைத்தெருவில் முரசு அறைந்தார்கள். சீராளன் எழுதிக் கொடுத்த அறிவிப்பு இது:

"வரி கட்ட விரும்பாதவர்கள் கட்ட வேண்டாம். பழைய வரியும் வேண்டாம், புதிய வரியும் வேண்டாம். வரிப் பணத்தில் நடக்கும் எதுவும் அவர்களை இனித் தொந்தரவு செய்யாது. விரும்புகிறவர்கள் கட்டலாம். அந்தப் பணத்தில் செய்வது அத்தனையும் கட்டியவர்களுக்கே. இது மன்னர் முத்திரையிட்ட ஆணை."

வணிகர்கள் காதில் தேன் பாய்ந்தது. பழைய வரியும் இல்லையாம். குபேரதத்தர் அன்றைக்கே சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டார்.

முதல் நாள் சுங்கச்சாவடிக்கு ஒரே ஓர் ஆள்தான் வந்தாள். சோற்றுக்கடை செங்கமலம்.

"விளக்கு போடுவீங்களாமே? நெசமா?" என்றாள் சீராளனிடம்.

"போடுவோம் அம்மா."

"பொழுது சாஞ்சா என் கடையில இலையில இருக்கிறது சோறா கல்லான்னு தெரியல. விளக்கு இருந்தா இன்னும் நாலு பந்தி போடுவேன். இந்தாங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். பாலம், விளக்குன்னு வாங்கிட்டு வேற ஏதாச்சும் கட்டினீங்கன்னா, நானே வந்து குந்திக்குவேன்."

அன்று மாலை அவள் கடை வாசலில் ஒரு விளக்குத்தூண் முளைத்தது. கடைத்தெருவில் ஒரே விளக்கு அதுதான் என்பதால், பசித்தவர்களும் பசிக்காதவர்களும் அங்கேயே போய் உட்கார்ந்தார்கள்.

அடுத்த நாள் காலை குபேரதத்தர் வீட்டை விட்டு வெளியே கால் வைத்தார். வாசலில் நின்ற காவலன் பணிவாகக் கையை நீட்டி மறித்தான்.

"ஐயா, இது வரிப் பணத்துல போட்ட சாலை. உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாதுன்னு உத்தரவு."

"நான் கடைக்குப் போகணும்டா."

"தாராளமாப் போங்க. சாலை மேல படாமப் போங்க."

குபேரதத்தர் மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கிருந்து பக்கத்து வீட்டு மாடி, அதற்கடுத்த வீட்டு ஓடு என்று தாவித் தாவி, வேட்டியின் ஒரு பகுதியை ஒரு முருங்கை மரத்திடம் விட்டுவிட்டு, ஒருவழியாகக் கடைக்குள் குதித்தார். அந்த வயதில் அது உண்மையிலேயே பாராட்டுக்குரியது.

மாலையில் முரசுக்காரன் வந்து கடை முன்னால் நின்றான். நன்றாக ஊருக்கே கேட்கும்படி முழங்கினான்.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், குபேரதத்தர் கிடங்குக்கு இன்றிலிருந்து காவல் இல்லை. காவலர்கள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பின்பக்கக் கதவு கொஞ்சம் பலவீனமானது."

"அடப்பாவி, அதை ஏண்டா சொல்றே?"

"தெளிவா அறிவிக்கணும்னு உத்தரவுங்க" என்றான் முரசுக்காரன். அடுத்து நகைக்கடை வாசலை நோக்கி நடந்தான். அவன் முரசுக்கோலை ஓங்குவதற்குள் நகைக்கடைக்காரர் பணப்பையோடு சுங்கச்சாவடியில் நின்றார். அவர் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை.

குபேரதத்தர் அசரவில்லை. சொந்தச் செலவில் காவலுக்கு ஆள் வைத்தார். காவலுக்கு வந்தவர்களைக் கண்காணிக்க வேறு ஆள் வைத்தார். சரக்கை மாடி வழியே தூக்கி வர ஆள் வைத்தார். ஓடு உடைந்த வீட்டுக்காரர்களுக்குத் தண்டம் அழுதார். புது வரியைப்போல் இரண்டு மடங்கு செலவாயிற்று. ஆனால் அது வரி இல்லை என்பதால் அவருக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

அவரை உண்மையில் சாய்த்தது படிதான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். தானியம் அளக்கும் ஒவ்வொரு படியையும் வருடத்துக்கு ஒரு முறை அரண்மனையில் அளந்து பார்த்து, அடியில் மன்னர் முத்திரை குத்துவார்கள். வாங்க வருகிறவர்கள் படியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள்; முத்திரை இருந்தால் மறுபேச்சு இல்லை. அந்த முத்திரைக்கும் ஆட்களுக்கும் ஆகும் செலவு சுங்கத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அது குபேரதத்தருக்கு அதுவரை தெரியாது.

அரண்மனைக் கொல்லன் வந்தான். வணங்கினான். அவர் படியின் அடியில் இருந்த முத்திரையை மட்டும் அரம் போட்டுத் தேய்த்து எடுத்தான். படியைத் துடைத்து, ஊதி, அவரிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

சற்று நேரத்தில் செங்கமலம் அரிசி வாங்க வந்தாள். படியைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"என்னங்க, அடி வழவழன்னு இருக்கு?"

"அதே படிதான் அம்மா. முத்திரை மட்டும் இல்லை."

"அப்ப உங்க படி உங்களுக்கு, எங்க படி எங்களுக்கு. பத்து படி போடுங்க" என்று சொல்லித் தன் தலைச்சுமையை இறக்கினாள்.

குபேரதத்தர் எட்டிப் பார்த்தார். "இது அண்டா."

"உங்க கடையில அண்டா. எங்க வீட்டுல படி."

"இது அநியாயம். நான் நியாயசபைக்குப் போவேன்."

"போங்களேன். நியாயாதிபதிக்குச் சம்பளம் எதுலேருந்து வருதுன்னு ஒரு எட்டு கேட்டுட்டு வாங்க."

அவள் பின்னால் வரிசை நின்றது. ஒருவன் கையில் தொட்டி இருந்தது. கடைசியில் நின்றவன் பழைய படகு ஒன்றை இழுத்து வந்திருந்தான். எல்லாரும் அதைப் படி என்றே சொன்னார்கள்.

அதற்குள் மற்ற வணிகர்கள் ஒவ்வொருவராகக் கட்டியிருந்தார்கள். தெரு முழுக்க விளக்கு எரிந்தது. வெளியூர்க்காரர்கள் இருட்டிய பிறகும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். புல் முளைக்க இடமில்லை.

பௌர்ணமி காலை. சீராளன் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்தான். மன்னரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். இன்னும் ஒருவர் மட்டும் பாக்கி. பொழுது உச்சியைத் தாண்டியது. சீராளன் ஆற்றைப் பார்த்தான். தண்ணீர் இடுப்பளவு இருந்தது.

அப்போது சாவடிக் கூரையில் ஓடுகள் நொறுங்கின. பணமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு குபேரதத்தர் மேலிருந்து இறங்கினார்.

"இந்தா, வரி."

சீராளன் கையை நீட்டவில்லை. "நான் கேட்கவில்லையே, ஐயா."

"நான்தான் தருகிறேனே."

"யாராவது வற்புறுத்தினார்களா?"

"இல்லை."

"மிரட்டினார்களா?"

குபேரதத்தர் மன்னரைப் பார்த்தார், தன் கிழிந்த வேட்டியைப் பார்த்தார், தூரத்தில் படகோடு காத்திருந்தவனைப் பார்த்தார். "இல்லை. தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

மன்னர் புன்னகைத்தார். சீராளன் மூட்டையை அவிழ்த்தான். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் கஜானா நிறைந்துவிட்டது. நிறைந்த கஜானா எந்த மன்னரையும் சும்மா இருக்க விடாது.

குபேரதத்தர் அன்றிரவே மன்னர் காதருகே போனார். "பெருமானே, பாலம் எங்கே ஓடிவிடப் போகிறது? அடுத்த வருடம் கட்டலாம். இந்தப் பணத்தில் ஆற்றங்கரையில் ஒரு பளிங்கு மண்டபம், தந்தத்தில் ஓர் ஊஞ்சல். தங்கள் அழகுக்கு..."

மன்னர் தன் அழகை யோசித்துப் பார்த்தார். மண்டபமும் ஊஞ்சலும் தயாராயின.

முதல் முறை ஆடுவதற்கு மன்னர் மாலையில் போனபோது, ஊஞ்சலில் செங்கமலம் ஆடிக்கொண்டிருந்தாள். பின்னால் நகைக்கடைக்காரர், எண்ணெய் வாணிபர் என்று வரிசை தெருமுனை வரை நின்றது. வரிசையை ஒழுங்குபடுத்தியபடி சீராளன் நின்றான்.

"சீராளா, என்ன இது?"

"தங்கள் முத்திரையிட்ட ஆணைதான், மன்னவா. வரிப் பணத்தில் செய்வது அத்தனையும் கட்டியவர்களுக்கே. தாங்கள் வரி கட்டுவதில்லை. ஆகவே இது தங்களைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன்."

ஊஞ்சலில் இருந்தவள் அவரைப் பார்த்தாள்.

"நான்தான் அப்பவே சாவடியில சொன்னேனே மகாராசா, வேற ஏதாச்சும் கட்டினா வந்து குந்திக்குவேன்னு. வந்ததுதான் வந்தீங்க, கொஞ்சம் தள்ளி விடுங்க. கால் எட்டல."

மன்னர் மெதுவாக நடந்து போய், ஊஞ்சல் பலகையைப் பிடித்து, ஒரு தள்ளு தள்ளினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கிரீடம் நழுவி விழும்வரை சிரித்தார்.

மறுநாளே ஊஞ்சலையும் பளிங்கையும் விற்றார்கள். அந்தப் பணம் பாலமாயிற்று. அதன் வழியாக முதலில் வந்தவை குபேரதத்தரின் நெல் வண்டிகள்தான், எதுவும் குடைசாயவில்லை. வரியை உயர்த்தச் சொன்னதே தாம்தான் என்று அவர் இப்போது சொல்லித் திரிகிறார்.

பாலம் திறந்த அன்று மன்னர் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சீராளனுக்குப் போட்டார். கூட்டம் ஆரவாரித்தது. சீராளன் குனிந்து வணங்கி நிமிர்வதற்குள் சுங்க அதிகாரி பக்கத்தில் வந்து நின்றார். மாலையை வாங்கி, எண்ணி, பத்துக்கு ஒன்று வீதம் முத்துகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

சீராளன் முகம் ஒரு கணம் குபேரதத்தர் முகம் மாதிரியே ஆயிற்று.

"என்ன சீராளா, கசக்கிறதா?" என்றார் மன்னர்.

"வாங்கும்போது கசக்கும் என்று அன்றே சொன்னேனே, மன்னவா" என்றான் சீராளன். "போகட்டும். என் வீட்டுத் தெருவில் இன்னும் விளக்கு வரவில்லை. எப்போது வரும்?"

மன்னர் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். விளக்கு அன்று மாலையே வந்துவிட்டது.