ஒரு கோல் கூட விடாத பெனிட்டா

"பத்தொம்பது கோல் விட்டிருக்கேன்டி. ரெண்டே மேட்ச்ல! நீ எத்தன விட்ட?" ன்னா தர்ஷிகா.

"ஒண்ணு கூட இல்ல," ன்னா பெனிட்டா.

உண்மதான். பெனிட்டா இதுவரைக்கும் ஒரு கோல் கூட விட்டதில்ல.

ஏன்னா அவ ஒரு நிமிஷம் கூட ஆடினதில்ல!

வேளச்சேரி வால்ரஸ்னு ஒரு ஐஸ் ஹாக்கி டீம். எல்லாம் பதினேழு வயசுக்குள்ள இருக்கற பொண்ணுங்க. தர்ஷிகாதான் கோல்கீப்பர். பெனிட்டா ரெண்டாவது கீப்பர். ரெண்டு பேரும் பதினொண்ணாவது, ஒரே செக்‌ஷன்.

ரெண்டாவது கீப்பருக்கு என்ன வேலைன்னு கேக்கறீங்களா? முழு கவசத்தையும் மாட்டிக்கிட்டு பெஞ்ச்சு ஓரத்துல உக்காரணும். உள்ள போறவளுக்கும் வெளிய வர்றவளுக்கும் கதவத் திறந்து விடணும். அவ்ளோதான்.

மூணு வருஷமா அசையாம உக்காந்து உக்காந்து, டீம்ல அவளுக்குப் பேரே சாமியார்னு ஆயிடுச்சு.

இப்ப எல்லாரும் பின்லாந்துல ஒரு சின்ன ஊர்ல இருக்காங்க. வெளிய மைனஸ் பதினாலு. ஆறு நாட்டு கிளப் டீம் மோதற பி பிரிவு போட்டி. மொதல்ல வர்ற டீம் ஏ பிரிவுக்கு ஏறும். கடைசி டீம் சி பிரிவுக்கு எறங்கும்.

ரெண்டு மேட்ச் முடிஞ்சாச்சு. வால்ரஸ்தான் கடைசி.

"எங்கப்பா போன்ல என்ன சொன்னாரு தெரியுமா?" ன்னா தர்ஷிகா.

"சொல், மகளே."

"மகளேன்னா மூஞ்சிலயே குத்துவேன்."

"சரி, சொல்லுடி."

"எறங்கறதுன்னா என்னன்னு வெளக்கினேன். 'ஃபெயிலானா கூட அதே கிளாஸ்லதானம்மா உக்கார வெப்பாங்க? இது என்ன அக்கிரமம், ஒரு கிளாஸ் கீழ தள்றாங்க!'ன்னாரு."

"நல்ல கேள்வி."

"அப்பறம் சொன்னாரு, எறங்கிட்டு வந்தின்னா ஸ்கேட்ஸ் பரண் மேல போயிடும். பிளஸ் டூ முடியற வரைக்கும் வீட்ல ஐஸ் வாட்டர் கூட கெடையாதாம்."

"பிளஸ் டூ முடிஞ்ச அப்பறம்?"

"நீட் கோச்சிங்."

பெனிட்டா கண்ண மூடிக்கிட்டா. "அப்ப ஆயுசுக்கும் கெடையாது."

"அதான்டி! நீ மட்டும் எப்டி இவ்ளோ அமைதியா இருக்க? ஏதாவது வழி சொல்லு."

"சாப்ட போலாம்," ன்னா பெனிட்டா.

சாப்பாட்டு ஹால்ல வேகவெச்ச உருளக்கெழங்கு. நேத்தும் அதுதான். முந்தாநேத்தும் அதுதான்.

தர்ஷிகா தட்ட வெச்சிட்டு, ரூமுக்கு ஓடிப்போய் அம்மா குடுத்த மாங்கா ஊறுகாய எடுத்துட்டு வந்தா.

தட்டுல ஒரு கெழங்கு கொறஞ்சிருந்துச்சு.

ஸ்பூன் எடுக்கப் போனா. இன்னொண்ணு கொறஞ்சிருந்துச்சு.

பக்கத்து டேபிள் ஐஸ்லாந்துக்காரி ஊறுகாய மோந்து பாத்து கண்ணுல தண்ணி விட்டா. அவளுக்கு டிஷ்யூ குடுக்கப் போனா. திரும்பி வந்தா தட்டு காலி!

"ஏன்டி என் தட்டுல கை வெச்ச?"

"நீ ஏன்டி எந்திரிச்ச?"

தர்ஷிகா காலித் தட்டப் பாத்தா. டக்குன்னு உக்காந்தா.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. வால்ரஸ் டீம் ப்ராக்டிஸ் பண்றது மால்ல இருக்கற குட்டி ஐஸ் தளத்துல. பாதி இவங்களுக்கு, மீதி பர்த்டே பார்ட்டிக்கு. பிளாஸ்டிக் பென்குயினப் புடிச்சுக்கிட்டு வாண்டுங்க தள்ளாடிக்கிட்டே கோல் பக்கம் வருங்க. தர்ஷிகா உடனே வலைய விட்டுட்டு ஓடிப்போய் புடிப்பா. அப்டியே பழகிப்போச்சு!

இங்க பர்த்டே பாப்பா யாரும் இல்ல. ஆனா எவளாவது தடுமாறினா இவ வெளிய வந்துடறா. இவ வந்த அடுத்த செகண்டு, பக் உள்ள. பக்னா அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு. பத்தொம்பதுல பன்னெண்டு அப்டி விழுந்ததுதான்.

"குருவே," ன்னா தர்ஷிகா. மொத தடவ கிண்டல் இல்லாம சொன்னா.

"ம்."

"நகரக் கூடாது."

"ஊறுகாய இந்தப் பக்கம் தள்ளு."

மூணாவது மேட்ச். தர்ஷிகா நகரல. நாலு கோல்தான்!

நாலாவது மேட்ச். எதிர் டீம்காரி ஒருத்தி கண்ணு முன்னாடியே தொபுக்கடீர்னு விழுந்தா. தர்ஷிகாவுக்கு கால் துடிச்சுது. பல்லக் கடிச்சுக்கிட்டா. நகரல. ரெண்டே ரெண்டு கோல்!

தோத்தாங்கதான். ஆனா ரெண்டு கோல்ல தோக்கறதெல்லாம் வால்ரஸ் சரித்திரத்துல திருவிழா மாதிரி.

கடைசி மேட்ச் பேங்காக் டீமோட. அவங்களும் மால்ல ஆடிப் பழகினவங்கதான்.

டிரெஸ்ஸிங் ரூம்ல கோச் ஜெரால்டு சார் போர்டுல எழுதினாரு.

"நல்லா கேளுங்க. பேங்காக்குக்கு ரெண்டு பாயின்ட். நமக்கு முட்டை. அறுவது நிமிஷத்துக்குள்ள ஜெயிச்சா நமக்கு மூணு, தப்பிச்சோம். டிரா ஆகி எக்ஸ்ட்ரா டைம் போச்சுன்னா ஜெயிச்சாலும் நமக்கு ரெண்டுதான், தோத்தாலும் அவங்களுக்கு ஒண்ணு. அவங்க மூணு, நம்ம ரெண்டு. நம்மதான் எறங்குவோம். டிரா ஆகவே கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!"

தர்ஷிகாவுக்கு ஒரு வார்த்த கூட காதுல விழல. அவ மூலையில உக்காந்து கால் கவசத்துக்கு வார் கட்டிக்கிட்டிருந்தா. ஒவ்வொரு வாருக்கும் ஒரு தடவ சொல்லிக்கிட்டா. நகராத. நகராத. நகராத.

என்ன மேட்ச்சுங்க அது!

ஒண்ணு போட்டாங்க, ஒண்ணு வாங்கினாங்க. இன்னொண்ணு போட்டாங்க, இன்னொண்ணு வாங்கினாங்க. தர்ஷிகா மார்ல தடுத்தா, மூட்டுல தடுத்தா, ஒரு தடவ ஹெல்மெட்டால முட்டித் தள்ளினா.

ரெண்டுக்கு ரெண்டு. ரெண்டு நிமிஷம் பாக்கி.

ஜெரால்டு சார் பெஞ்ச்சு மேல ஏறி நின்னு ரெண்டு கையையும் ஆட்டினாரு. வெளிய வா, வெளிய வா! கீப்பர் வெளிய வந்தா அவளுக்குப் பதிலா கோல் போடறவ ஒருத்தி கூடுதலா உள்ள போகலாம். வலை காலியா கெடக்கும். ஆனா வேற வழியே இல்லாதப்ப எல்லா டீமும் செய்யறது இதுதான்.

தர்ஷிகா பாத்தா. சார் நம்மள பாராட்டறாருன்னு நெனச்சா. மட்டைய தூக்கி ஆட்டினா.

"லூசு! வாடி!" ன்னு பெஞ்ச்சே கத்துச்சு.

தர்ஷிகா இன்னும் ரெண்டு தடவ மட்டைய ஆட்டினா.

நாப்பத்தஞ்சு செகண்டு இருக்கறப்ப விசில் அடிச்சு ஆட்டம் நின்னுச்சு. கேப்டன் நஸ்ரின் நேரா வலைக்கு வந்தா.

"சார் உன்ன வெளிய கூப்பிடறாரு."

"நான் நகர மாட்டேன்."

"டிரா ஆனா எறங்கிடுவோம்டி!"

"யாரு சொன்னா?"

"போர்டுல எழுதிப் போட்டாரே!"

தர்ஷிகா கோல் கம்பத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா. "குரு நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. நகராம இருந்துதான் இவ்ளோ தூரம் வந்திருக்கேன். நான் போனா உள்ள போயிடும். உனக்கு எங்கப்பாவத் தெரியாது."

நஸ்ரின் பெஞ்ச்ச திரும்பிப் பாத்து கையேந்தினா. "சாமியாரே! உன் பக்தைய என்னன்னு கேளு!"

பெனிட்டா எழுந்தா.

மூணு வருஷத்துல மேட்ச் நடுவுல அவ எழுந்து நின்னு யாரும் பாத்ததில்ல. ஜெரால்டு சார் கூட ஒரு அடி தள்ளி நின்னாரு.

பெனிட்டா கதவத் திறந்தா. முகமூடிய மேல தள்ளினா. ஹால் முழுக்க எதிரொலிக்கற மாதிரி கத்தினா.

"ஏய் தர்ஷி! நான் என்னிக்காவது ஒரு கோல் தடுத்திருக்கேனா?"

"இல்ல!"

"ஒண்ணாவது?"

"இல்ல!"

"அப்பறம் என் பேச்ச ஏன்டி கேக்கற?"

ஹால்ல எல்லாரும் தர்ஷிகாவப் பாத்தாங்க. பேங்காக் டீமுக்கு ஒண்ணும் புரியல, ஆனா அவங்களும் பாத்தாங்க.

தர்ஷிகா கம்பத்துலேர்ந்து ஒரு கைய எடுத்தா.

அப்பறம் இன்னொரு கைய எடுத்தா.

அப்பறம் வந்தா பாருங்க ஒரு வேகம்! பெனிட்டா கதவ விட்டு வெலகறதுக்குள்ள அவ மேலயே வந்து விழுந்தா. ரெண்டு பேரும் கவசத்தோட ஒரே பெஞ்ச்சுல நசுங்கி உக்காந்தாங்க.

கூடுதலா ஒருத்தி உள்ள குதிச்சா. விசில்.

தர்ஷிகா காலி வலையப் பாத்தா. தன் கையப் பாத்தா. மறுபடி வலையப் பாத்தா.

"இங்க என்னடி பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது."

"கைய எங்க வெச்சுக்கறது?"

"மொத ஒரு வருஷம் எனக்கும் தெரியல."

"ரொம்பக் கஷ்டமா இருக்குடி."

பெனிட்டா கொஞ்சம் தள்ளி உக்காந்து எடம் விட்டா.

"ம்," ன்னா.

அப்பதான் பேங்காக் பொண்ணு ஒருத்தி அவங்க கோல் வாசல்லேர்ந்து ஓங்கி ஒரு அடி அடிச்சா. பக் நேரா காலி வலையப் பாத்து வழுக்கிக்கிட்டே வந்துச்சு. அவசரமே இல்லாம வந்துச்சு. பஸ் ஸ்டாப்புக்கு வர்ற மாதிரி!

தர்ஷிகா எழுந்தா. பெனிட்டா அவ ஜெர்சியப் புடிச்சு இழுத்தா.

"விடுடி, உள்ள போகுது!"

"போகட்டும்."

"அது என் வலைடி!"

"இப்ப இல்ல."

பக் கம்பத்துக்கு மூணு வெரல் தள்ளி வெளிய போச்சு.

விசில்! அந்த மாதிரி இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கு அடிச்சு கோல் ஆகலன்னா, ஆட்டத்த அடிச்சவங்க வாசல்லயே மறுபடி ஆரம்பிக்கணும். அது ரூல். அதாவது பேங்காக் வலைக்குப் பக்கத்துல! பாக்கி ஒம்பது செகண்டு!

ஜெரால்டு சார் முழங்கால் போட்டு உக்காந்துட்டாரு.

நடுவர் பக்-க கீழ போட்டாரு. வால்ரஸ் பொண்ணுங்க ஆறு பேரு. மட்ட, காலு, யாரோ ஒருத்தியோட ஹெல்மெட். கூட்ட நெரிசல்ல பஸ் படியில கால் வெக்கற மாதிரி நஸ்ரின் எப்டியோ மட்டைய உள்ள விட்டா.

கோல் விழுந்தா எரியற செவப்பு வெளக்கு எரிஞ்சுது. அதுக்கு அப்பறம்தான் முடிவு மணி அடிச்சுது. அப்பறம்தான்! நடுவருங்க ரெண்டு தடவ வீடியோ பாத்துட்டு கைய நீட்டினாங்க. கோல்!

மூணுக்கு ரெண்டு. வால்ரஸ் எறங்கல. பி பிரிவுலயே இருக்கு!

இப்ப ஒரு சிக்கல். வால்ரஸ் டீம் இதுவரைக்கும் ஜெயிச்சதே இல்ல. ஜெயிச்சா என்ன பண்ணணும்னு வீடியோவுலதான் பாத்திருக்காங்க. ஜெயிச்ச டீம் மொத்தமும் மட்டையத் தூக்கிப் போட்டுட்டு நேரா தன்னோட வலைக்கு ஓடும். கீப்பர் மேல விழுந்து கட்டிப் புடிக்கும். அதுதான் வழக்கம்.

அதே மாதிரி ஓடினாங்க. அத்தன பேரும். பெஞ்ச்சுல இருந்தவங்களும் சேர்ந்து. கத்திக்கிட்டே, அழுதுக்கிட்டே, நேரா போயி வலைக்குள்ள குவியலா விழுந்தாங்க. ஒருத்தியோட ஒருத்தி கட்டிப் புடிச்சாங்க. கம்பத்தக் கட்டிப் புடிச்சாங்க. வலையக் கட்டிப் புடிச்சாங்க.

குவியலுக்கு அடியிலேர்ந்து நஸ்ரின் தலைய வெளிய நீட்டினா. இந்தப் பக்கம் பாத்தா, அந்தப் பக்கம் பாத்தா.

"ஏய்! கீப்பர் எங்கடி?"

காலியான பெஞ்ச்சுல ரெண்டு கவசம், ரெண்டு முகமூடி பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்துச்சு.

தர்ஷிகா பெனிட்டா பக்கத்துலேர்ந்து எழுந்துக்கல. முகமூடிய எறக்கி விட்டுக்கிட்டா.

"எந்தக் கீப்பர்?" ன்னா.